பேரன் பிறந்த நேரம் - கோட்டைக்குள்ளிருந்து நேரு கேட்ட கேள்வி

எங்க வீட்டு மர பீரோ மேல்தட்டுல ஒரு மஞ்சப்பை இருக்கு. ரேஷன் கார்டு, நிலப் பத்திரம், பழைய பாஸ்புக் எல்லாம் அதுக்குள்ளதான். போன மாசம் ஒரு பத்திரம் தேடப் போய் அந்தப் பையைக் கவுத்துக் கொட்டினேன். தேடினது கிடைக்கலை. ஒரு போஸ்ட் கார்டும் ஒரு இன்லேண்டு லெட்டரும் கிடைச்சது. கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க. அதுக்கப்புறம் நேருகிட்ட போயிடலாம்.

நான் பிறந்தப்ப எங்கப்பா ராணுவத்துல, அசாம் பக்கம் எங்கேயோ இருந்தார். தாத்தா கார்டு போட்டிருக்கார். ஆண் குழந்தை, சுகப்பிரசவம், தாயும் சேயும் க்ஷேமம், ராத்திரி 2 மணி 10 நிமிஷம். அவ்வளவுதான். அதுக்கு அப்பா எழுதின பதில்தான் அந்த இன்லேண்டு. அம்மாவுக்கு உடம்பு எப்படி, டாக்டர் என்ன சொன்னார்ங்கற விசாரிப்பெல்லாம் இருக்கு. ஆனா முதல் வரியிலேயே ஒரு கேள்வி. நம்ம கூடத்துக் கடிகாரம் பத்து நிமிஷம் கூட ஓடுமே, அதைக் கழிச்சுச் சொன்னீங்களா, கழிக்காம சொன்னீங்களா?

படிச்சதும் சிரிப்புதான் வந்துச்சு. தாத்தா பஸ்ஸை விட்டுடக் கூடாதுன்னு அந்தக் கடிகாரத்தை எப்பவும் முன்னாடி தள்ளி வெச்சிருப்பார்னு பாட்டி சொல்லக் கேட்டிருக்கேன். ஆயிரம் மைல் தள்ளி இருக்கிற மனுஷனுக்கு அந்தப் பத்து நிமிஷம்தான் கவலை!

சிரிச்சு முடிச்ச கொஞ்ச நேரத்துல இதே மாதிரி இன்னொரு கடிதம் ஞாபகம் வந்துச்சு. எழுதினவர் ஜவஹர்லால் நேரு.

1944 ஆகஸ்ட் 20. பம்பாயில இந்திராவுக்கு ஆண் குழந்தை பிறக்குது. குழந்தையோட தாத்தா அப்ப அகமதுநகர் கோட்டைக்குள்ள கைதி. 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறின மறுநாள், 1942 ஆகஸ்ட் 9 விடியற்காலையில பம்பாயில பிடிச்சவங்கதான். நேருவோட சேர்த்து பட்டேல், ஆசாத், பந்த், கிருபளானி, நரேந்திர தேவ்னு காங்கிரஸ் காரியக் கமிட்டியில பன்னிரண்டு பேர் அந்தக் கோட்டையில. எங்கே கொண்டுபோய் வெச்சிருக்காங்கன்னு ஆரம்பத்துல சர்க்கார் வெளியே சொல்லவே இல்லை. முதல்ல பேப்பரும் கிடையாது, கடிதமும் கிடையாது. அப்புறமா அனுமதி வந்துச்சு. அதுவும் குடும்பத்துக்கு மட்டும், தணிக்கைக்கு உட்பட்டு. அரசியல் எழுதக் கூடாது. அப்ப மிச்சம் இருக்கிறது என்ன? உடம்பு, புத்தகம், தோட்டம், வீட்டு சேதி. நாட்டையே ஆட்டி வெச்ச மனுஷங்க எழுதின கடிதத்துல அத்தைக்கு உடம்பு எப்படி, மாம்பழம் வந்துச்சான்னு வர்றதுக்கு இதுதான் காரணம்.

அந்த வீட்டு சேதியும் எல்லாம் நல்ல சேதி இல்லை. 1943 ஏப்ரல்ல கல்கத்தாவுல மௌலானா ஆசாத்தோட மனைவி ஜுலைகா பேகம் இறந்துபோனாங்க. ஆசாத் கோட்டைக்குள்ளயே இருந்தார். போய்ப் பார்க்க விடுங்கன்னு சர்க்காரைக் கெஞ்சமாட்டேன்னு இருந்துட்டார். 'குபார்-எ-காதிர்'னு உருதுல ஒரு புத்தகம் இருக்கு. முழுக்கக் கடிதம். அகமதுநகர்ல உட்கார்ந்து ஒரு நண்பருக்கு எழுதினது. எழுதின காலத்துல ஒண்ணுகூட தபால்ல போகலை. 1946-ல புத்தகமாத்தான் வந்துச்சு. மனைவி போன சோகமும் அதுல ஒரு கடிதமா இருக்கு.

1944 ஜனவரியில நேருவோட தங்கை விஜயலட்சுமியின் கணவர் ரஞ்சித் பண்டிட் போயிட்டார். ஜெயில்ல உடம்பு கெட்டு, விடுதலையாகி வந்து கொஞ்ச நாள்லயே. அந்த சேதியையும் நேரு கோட்டைக்குள்ள இருந்துதான் கேட்டார். ஏழு மாசம் கழிச்சு பேரன் பிறந்த சேதி வருது.

இந்திரா விஷயத்துல பயப்படக் காரணமும் இருந்துச்சு. நுரையீரல் நோய்க்காக 1940-ல சுவிட்சர்லாந்து லேசான்ல மாசக் கணக்கா படுத்திருந்த பொண்ணு. அவங்கம்மா கமலா 1936 பிப்ரவரியில காசநோயில லோசான்ல இறந்தவங்க. 1942 மார்ச்ல பெரோஸோட கல்யாணம், செப்டம்பர்ல கைது, 1943 மே வரைக்கும் நைனி ஜெயில். இதுக்கு நடுவுல ஒரு பிரசவம்னா எந்த அப்பனுக்கும் தூக்கம் வராது.

பிரசவத்துக்குப் பம்பாய்க்கு வந்தாங்க. அங்கே சின்ன அத்தை கிருஷ்ணா ஹத்தீசிங் இருந்தாங்க. நேருவோட கடைசித் தங்கை. குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள், ஆகஸ்ட் 29-ஆம் தேதி, அந்தத் தங்கைக்கு நேரு ஒரு கடிதம் எழுதறார். அவர் தங்கைக்கு எழுதின கடிதங்கள் 1963-ல புத்தகமா வந்துச்சு. இந்தக் கடிதமும் அதுல இருக்கு. அதோட சாரத்தை என் வார்த்தையில சொல்றேன்.

குழந்தைக்கு விஷயம் தெரிஞ்ச ஒருத்தரை வெச்சு முறையா ஒரு ஜாதகம் கணிக்கச் சொல்லு, இந்துவுக்கும் எழுதியிருக்கேன். பிறந்த தேதி, நேரத்துக்கு இப்படி ஒரு நிரந்தரப் பதிவு இருக்கறது நல்லது. நேரம் போடும்போது சூரியக் கணக்குப்படி சரியான நேரத்தைப் போடணும். வெளியில இப்ப புழங்கிக்கிட்டு இருக்கற செயற்கை நேரத்தைப் போட்டுடக் கூடாது, யுத்த நேரம் குறைஞ்சது ஒரு மணி நேரம் முன்னாடி ஓடுது.

எனக்கு எங்க கூடத்துக் கடிகாரம் ஞாபகம் வந்தது இதனாலதான் :-)

இந்த யுத்த நேரத்தைக் கொஞ்சம் விளக்கணும். இரண்டாம் உலகப் போர் சமயத்துல, 1942 செப்டம்பர்ல இருந்து 1945 அக்டோபர் பாதி வரைக்கும், இந்தியா முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சிருந்தாங்க. கிரீன்விச்சை விட அஞ்சரை மணி கூட இருக்கற நம்ம நேரம், அந்த மூணு வருஷம் ஆறரை மணி கூட. பம்பாய்க்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நம்ம ஐ.எஸ்.டி.யே பம்பாய் சூரியனுக்கு முன்னாடி ஓடறதுதான். அந்த ஊரோட தீர்க்கரேகைப்படி பார்த்தா உள்ளூர் நேரம் ஐ.எஸ்.டி.யை விட 39 நிமிஷம் பின்னாடி. 'பாம்பே டைம்'னு தனியா ஒண்ணை 1955 வரைக்கும் அந்த ஊர்க்காரங்க விடாம வெச்சிருந்தாங்க. ஆக, 1944 ஆகஸ்ட்ல பம்பாய் ஆஸ்பத்திரிச் சுவர்க் கடிகாரத்துக்கும் தலைக்கு மேல இருக்கற சூரியனுக்கும் வித்தியாசம் 1 மணி 39 நிமிஷம்.

ஜாதகம் பார்க்கறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியும். லக்னம் ஏறக்குறைய ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாறும். 1 மணி 39 நிமிஷம் தப்புன்னா பெரும்பாலும் லக்னமே அடுத்த கட்டத்துக்குப் போயிடும். அப்புறம் மத்த கட்டமெல்லாம் எங்கே நிக்கும்? நம்ம ஊர்ப் பழைய ஜாதக நோட்டுல மணி, நிமிஷம்னு எழுத மாட்டாங்க. சூரிய உதயாதி இத்தனை நாழிகைன்னு, அன்னிக்குப் பொழுது விடிஞ்சதுல இருந்து கணக்கு. ஒரு நாழிகை 24 நிமிஷம். என் நோட்டுல உதயாதி 50 நாழிகைன்னு இருக்கு. விடியற்காலை 6.10-ல இருந்து ராத்திரி 2.10 வரைக்கும் இருபது மணி நேரம், கணக்கு சரியா வருது. தாத்தா பத்து நிமிஷத்தைக் கழிச்சுத்தான் சொல்லியிருக்கார். அப்பா, நிம்மதியா இருங்க!

நேரு கேட்ட 'சூரியக் கணக்கு நேரம்' கிட்டத்தட்ட இதுதான். யுத்தத்துக்காக வெள்ளைக்காரன் எத்தனை மணி தள்ளி வெச்சாலும் உதயாதி நாழிகை அசையாது.

சரி, இப்ப எல்லாரும் கேக்கப் போற கேள்விக்கு வருவோம். நேருவுக்கும் ஜாதகத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?

நியாயமான கேள்விதான். அதுவும் எந்தச் சமயத்துல பாருங்க. 1944 ஏப்ரல்ல ஆரம்பிச்சு செப்டம்பர் வரைக்கும், அஞ்சு மாசம், அதே கோட்டையில உட்கார்ந்து அவர் எழுதிக்கிட்டு இருந்த புத்தகம் 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா'. விஞ்ஞான மனப்பான்மை வேணும்னு நம்ம எல்லாருக்கும் பாடம் எடுக்கற புத்தகம். பகல்ல அந்தப் பக்கத்தை எழுதின அதே பேனாதான் தங்கைக்கு ஜாதகம் கணிக்கச் சொல்லியும் எழுதியிருக்கணும்.

இந்தக் கடிதத்தைக் காட்டி, பார்த்தியா, பகுத்தறிவு பேசினவரே ரகசியமா ஜோசியம் பார்த்திருக்கார்னு சந்தோஷப்படறவங்களைப் பார்த்திருக்கேன். ஜோசியர்கள் விளம்பரத்துக்கே இதைச் சொல்வாங்க. இன்னொரு பக்கம், நேரு பக்தர்கள் இந்தக் கடிதத்தைப் பத்திப் பேசவே மாட்டாங்க. ரெண்டு பேருமே கடிதத்தை முழுசாப் படிக்கலைன்னுதான் நான் நினைக்கிறேன்.

அந்தக் கடிதத்துல பலன் கேக்கவே இல்லை. பையன் ராஜாவாவானா, ஆயுசு எவ்வளவு, எந்த தசை நடக்குது, எதுவும் இல்லை. அவர் சொல்ற காரணம் ஒண்ணே ஒண்ணு. நிரந்தரப் பதிவு. இன்னிக்கு நமக்கு இது விசித்திரமாத் தெரியலாம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம்னு நாடு முழுமைக்கும் ஒண்ணு வந்ததே 1969-லதான். அதுக்கு முன்னாடி பிறந்தவங்களைக் கேட்டுப் பாருங்க. ஸ்கூல்ல சேர்க்கும்போது கையைத் தலைக்கு மேல சுத்திக் காதைத் தொடச் சொல்லி, தொட்டா அஞ்சு வயசுன்னு வாத்தியார் ஒரு ஜூன் மாசத் தேதியைப் போட்டுடுவார். எங்க பெரியப்பாவுக்கு ரெண்டு பிறந்தநாள். சர்ட்டிபிகேட்ல ஒண்ணு, ஜாதக நோட்டுல ஒண்ணு. ரிடையர் ஆனது முதல் கணக்குல, அறுபதாம் கல்யாணம் நடந்தது ரெண்டாவது கணக்குல. ஒரு குழந்தை இன்ன நாள், இன்ன நேரம் பிறந்துச்சுன்னு வீட்டுல உட்கார்ந்து ஒருத்தர் கவனமா எழுதி வெச்சது அந்த நோட்டுல மட்டும்தான்.

ஜோசியத்தை அவர் எப்படிப் பார்த்தார்னு தெரிஞ்சுக்க வேற சாட்சி இருக்கு. 1962 பிப்ரவரியில அஷ்டகிரக சேர்க்கை, உலகம் அழியப் போகுதுன்னு நாடே யாகமும் ஹோமமுமா அல்லோலகல்லோலப்பட்டப்போ, பிரதமரா இருந்த அவர் அதைச் சிரிப்பா எடுத்துக்கிட்டவர். 1954-ல எழுதின உயில்ல தனக்கு எந்த மதச் சடங்கும் வேண்டாம்னார். அதே உயில்ல அஸ்தியில ஒரு பிடியை அலகாபாத்ல கங்கையில கரைங்கன்னும் கேட்டார். மத நம்பிக்கையால இல்லை, சின்ன வயசுல இருந்து அந்த நதியோட இருக்கற பாசத்துக்காகன்னு காரணமும் எழுதி வெச்சார். ஜாதகம் கேட்ட மனசும் கங்கை கேட்ட மனசும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது. நம்பிக்கையை விட்டுட்டு வழக்கத்தை வெச்சுக்கிட்ட மனசு. நம்ம வீடுகள்ல அப்படி எத்தனை பேர் இருக்காங்க!

இது மாதிரி ரெண்டு கணக்குக்கு நடுவுல நிக்கறது அவருக்குப் புதுசும் இல்லை. இந்திரா பிறந்தது 1917 நவம்பர் 19. ஆனா மகளோட பதிமூணாவது பிறந்தநாள்னு நைனி ஜெயில்ல இருந்து எழுதின கடிதத்துல தேதி 1930 அக்டோபர் 26. உலக வரலாறு பத்தி அவர் எழுதின கடிதத் தொகுப்பு ஆரம்பிக்கறதே அந்தப் பிறந்தநாள் கடிதத்துலதான். தேதி தப்பு இல்லைங்க. சம்வத் பஞ்சாங்கப்படி திதி அன்னிக்குத்தான் வந்துச்சு. ரெண்டு தேதியிலுமே அமாவாசை கழிஞ்சு நாலைஞ்சு நாள்தான் ஆகியிருக்கும். ஜெயிலுக்குள்ள இருந்து பரிசு வாங்கி அனுப்ப முடியாத அப்பா, திதி பார்த்துக் கடிதம் எழுதினார்.

இன்னொரு விஷயமும் கவனிச்சேன். இந்த மனுஷனுக்கு வாழ்க்கை முழுக்க வீட்டுப் பிறப்புச் சேதி தபால்லதான் வந்திருக்கு. 1905-ல பதினஞ்சு வயசுல லண்டன் பக்கம் ஹாரோ பள்ளிக்கூடத்துல சேர்த்துட்டு அப்பா மோதிலால் ஊர் திரும்பினார். அந்த நவம்பர்லயே அலகாபாத்ல ஒரு தம்பி பிறந்தான். ஒரு மாசம் தாண்டலை. பிறந்த சேதியும் போன சேதியும் கப்பல் தபால்ல. 1907 நவம்பர்ல, இவர் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்த புதுசுல, ஒரு தங்கை பிறந்தா. அவங்கதான் கிருஷ்ணா. எந்தத் தங்கை பிறந்த சேதியைக் கடல் தாண்டித் தெரிஞ்சுக்கிட்டாரோ, அந்தத் தங்கைகிட்டதான் 37 வருஷம் கழிச்சு, பேரனோட நேரத்தைச் சரியா எழுதச் சொல்லுன்னு கேக்கறார்.

இந்திரா பிறந்தப்ப மட்டும் நிலைமை தலைகீழ். இவர் ஊர்ல இருந்தார், கடிதம் வெளியில இருந்து வந்துச்சு. தனக்கு வந்த பழைய கடிதங்களைத் தொகுத்து 1958-ல நேரு ஒரு புத்தகம் போட்டார். அதுல முதல் கடிதமே சரோஜினி நாயுடு 1917 டிசம்பர்ல, குழந்தை பிறந்ததுக்கு வாழ்த்தி எழுதினது. காந்தி, போஸ், பெர்னார்ட் ஷான்னு பெரிய பெரிய ஆளுங்க கடிதமெல்லாம் இருக்கற புத்தகம் அது. ஆரம்பம் என்னவோ குழந்தை பிறந்த சேதியில. அதுக்கப்புறம் 1924 நவம்பர்ல கமலாவுக்கு ஒரு ஆண் குழந்தை குறைப்பிரசவத்துல பிறந்து சில நாள்லயே போயிடுச்சு. அதுக்குப் பிறகு அந்த வீட்டுல குழந்தை சத்தம்னா, இருபது வருஷம் கழிச்சு 1944 ஆகஸ்ட்லதான்.

குழந்தைக்கு வெச்ச பேரைப் பாருங்க. ராஜீவரத்ன பிர்ஜீஸ். ராஜீவம்னா தாமரை, கமலாவும் தாமரைதான். ரத்னம்னா மணி, ஜவஹரும் மணிதான். செத்துப்போன பாட்டியும் ஜெயில்ல இருக்கற தாத்தாவும் பேருக்குள்ள உட்கார்ந்துட்டாங்க. பெரோஸ் பார்சி குடும்பம். பிர்ஜீஸ்ங்கறது பாரசீகப் பேர், அர்த்தம் வியாழன் கிரகம், நம்ம குரு பகவானேதான். ஜாதகம் கணிக்கறதுக்கு முன்னாடியே பேர்ல குரு வந்து உட்கார்ந்துட்டார் :-)

நேரு விடுதலையானது 1945 ஜூன் 15, அல்மோரா ஜெயில்ல இருந்து. அந்தத் தடவை மொத்தம் 1,041 நாள் உள்ளே. அவர் ஜெயில் வாழ்க்கையிலயே நீளமானதும் கடைசியும் அதுதான். பேரனுக்கு அப்ப பத்து மாசம் ஆகப் போகுது. ரெண்டாவது பேரன் சஞ்சய் பிறந்தது 1946 டிசம்பர் 14. முந்தின நாள்தான் அரசியல் நிர்ணய சபையில நேரு குறிக்கோள் தீர்மானத்தை முன்மொழிஞ்சிருந்தார். அப்ப அவர் இடைக்கால சர்க்கார்ல இருந்தார், குழந்தையும் டெல்லியிலயே பிறந்துச்சு. கடிதத்துக்கு வேலையே இல்லை. அதனாலயோ என்னவோ, பெரிய பேரன் பிறந்த கதை மாதிரி சின்ன பேரன் பிறந்த கதை கடிதத்துல தங்கலை. பக்கத்துல இருந்து பார்த்தவன் எதுக்கு எழுதப் போறான்?

எனக்கு இதுல பிடிபட்டது இதுதாங்க. பக்கத்துல இருக்கறவங்களுக்குக் குழந்தை முகம் இருக்கு, அழுகை இருக்கு, பால் வாசனை இருக்கு. தூரத்துல இருக்கறவனுக்கு அது எதுவும் கிடையாது. தேதியும் மணியும்தான் தபால்ல முழுசாப் போய்ச் சேரும். அதனாலதான் அதுல ஒரு நிமிஷம்கூடத் தப்பு இருக்கக் கூடாதுன்னு தவிக்கறான். அகமதுநகர் கோட்டைக்குள்ள இருந்தவர் ஒரு மணி நேரத்துக்காகத் தவிச்சார். அசாம்ல இருந்த எங்கப்பா பத்து நிமிஷத்துக்காக. அந்த நேரத்துல நான் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன், முழிச்சிருந்தேனா, தூங்கினேனான்னு கணக்குப் போட்டுப் பார்க்கவாவது சரியான நேரம் வேணும் இல்லையா?

ஒண்ணை மட்டும் சொல்லிட்டு முடிச்சுக்கறேன். நேருவும் இந்திராவும் ஒருத்தருக்கொருத்தர் எழுதின கடிதங்களை ரெண்டு தொகுதியாத் தொகுத்தவர் சோனியா காந்தி. முதல் தொகுதி 1989-ல வந்துச்சு, 1939 வரைக்குமான கடிதங்கள். 1940-க்குப் பிறகான கடிதங்கள் ரெண்டாவது தொகுதி. அகமதுநகர்க் காலம், அந்தக் குழந்தை பிறந்த 1944, எல்லாம் அதுல. அது வந்த வருஷம் 1992.

நடுவுல 1991 மே 21, ராத்திரி, ஸ்ரீபெரும்புதூர். அந்த வருஷத்தை நம்ம ஊர்ல யாருக்கும் நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. அன்னிக்கு எத்தனையோ வீட்டுல சாவு விழுந்துச்சு, அவர் பக்கத்துல நின்ன போலீஸ்காரங்க வீடும் சேர்த்து. அந்தத் தொகுதியை முடிச்சு அச்சுக்குக் கொடுத்த அம்மா, தன் புருஷன் பிறந்த சேதி இருக்கற கடிதங்களை எப்படிப் புரூஃப் பார்த்திருப்பாங்கன்னு நினைச்சா எனக்கு வேற எதுவும் எழுதத் தோணலை. பலன் எதுவும் கேக்காம நேரத்தை மட்டும் பத்திரமா எழுதி வைங்கன்னு சொன்ன தாத்தாதான் சரின்னு மட்டும் தோணுது.

எங்கப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு. அந்தக் கார்டையும் இன்லேண்டையும் ஸ்கேன் பண்ணி வெச்சுட்டு, மறுபடி மஞ்சப்பையிலேயே போட்டுட்டேன். உங்க வீட்டுலயும் அப்படி ஒரு பை, ஒரு நோட்டு இருக்கும். ஜாதகத்துல நம்பிக்கை இருக்கோ இல்லையோ, ஒரு தடவை எடுத்துப் பாருங்க. யாரோ ஒருத்தர், எங்கேயோ தூரத்துல இருந்துக்கிட்டு, நீங்க பிறந்த மணி என்னன்னு கேட்டிருக்கலாம்.

தேடின நிலப் பத்திரம்? இன்னும் கிடைக்கலைங்க.